ஆலு பராத்தா: அடுப்படியில் ஒரு விஞ்ஞான பாடம்

நம் நாட்டுத் தேநீர்க் கடைகளில் விற்கும் மரக்கறி ரொட்டியை அறியாதவர் இல்லை. எண்ணெயில் ஊறிய மா உருண்டையை முதலில் மெல்லிய தாளாக்கி, அதன் மேல் கறியை வைத்து, முக்கோணமாக மடித்துச் சுடுவார்கள். வட இந்தியாவின் ஆலு பராத்தா இதற்கு நேர்மாறானது. கறியை முதலில் மா உருண்டைக்குள் வைத்து மூடி, பிறகு இரண்டையும் ஒன்றாகவே தட்டையாக்க வேண்டும். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே சீராக விரியாவிட்டால் ரொட்டி கிழிந்துவிடும். கிழியாமல் விரியச் செய்வது எப்படி? எங்கள் வீட்டு அடுப்படியில் நான் செய்து பார்த்து அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பிறந்த இடம்

'ஆலு' என்றால் ஹிந்தியிலும் உருதுவிலும் உருளைக்கிழங்கு. பஞ்சாப் மக்கள் ஆலு பராத்தாவைத் தயிர், ஊறுகாய், வெண்ணெய் ஆகியவற்றோடு காலை உணவாக உண்பர். உருளைக்கிழங்கோ தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைப் பகுதிக்குரியது. ஐரோப்பியர் வழியாகவே இந்தியாவுக்கு வந்தது. எனவே ஆலு பராத்தாவின் வயது சில நூற்றாண்டுகளைத் தாண்டாது. முள்ளங்கி, பருப்பு, பூக்கோவா வைத்தும் பராத்தா செய்வார்கள்.

டில்லியில் சாந்தினி சவுக் என்னும் கடைத்தெரு உண்டு. பேரரசர் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகம் 1650ஆம் ஆண்டளவில் திட்டமிட்டு அமைத்தது அது. அதிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குப் பராத்தாவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அங்குள்ள கடைகளில் பராத்தாவை நெய்யில் பொரிப்பார்கள். வீடுகளில் கல்லில் சுடுவதே வழக்கம்.

தேவையான பொருட்கள் (6 பராத்தாக்களுக்கு)

ஆட்டா மா 250 கிராம்
எண்ணெய் 2 தேக்கரண்டி
நீர் ஏறத்தாழ 160 மில்லிலீற்றர்
உருளைக்கிழங்கு 400 கிராம்
பச்சை மிளகாய் 2, சிறு துண்டு இஞ்சி, ஒரு பிடி மல்லி இலை (யாவும் பொடியாக அரிந்தது)
வறுத்து இடித்த சின்னச்சீரகம் 1 தேக்கரண்டி
காய்ந்த மாங்காய்த் தூள் 1 தேக்கரண்டி
உப்பு, சுடுவதற்கு நெய்

மா

கடையில் 'கோதுமை மா' என்று நாம் வாங்கும் வெள்ளை மா, தவிடு நீக்கப்பட்டது. ஆட்டா மாவில் தவிடு இருக்கிறது. தவிடு நீரை மெதுவாகவே உறிஞ்சும். ஆகவே இந்த மாவுக்குச் சற்றுக் கூடுதலாக நீரும் நேரமும் வேண்டும். மாவிலுள்ள குளுட்டெனின், கிளையடின் என்னும் புரதங்கள் நீரோடு சேர்ந்து குளுட்டன் என்ற வலையை உண்டாக்குகின்றன. பிசையப் பிசைய வலை இறுகும். பிசைந்ததை விட்டுவைத்தால் தளரும்.

உம்மா மாவைப் பிசைந்து ஈரத் துணியால் மூடி, "கொஞ்சம் கெடக்கட்டும் மகள்" என்பார். எவ்வளவு நேரம் என்று கேட்டால், "விரல வச்சுப் பாரு, அது சொல்லும்" என்பதே பதில். அது உண்மைதான். பிசைந்தவுடன் விரலால் அழுத்தினால் குழி உடனே மேலெழும். 30 நிமிடங்களுக்குப் பின் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். வலை தளர்ந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். மா காதுச் சோணை போல மென்மையாக இருக்க வேண்டும்.

கிழங்கு

பராத்தாவின் பெரிய எதிரி உள்ளே இருக்கும் நீர். கிழங்கைத் தோலோடு முழுதாக அவித்தால் நீர் உள்ளே புகுவது குறையும். முற்றாக ஆறிய பின்பே உரித்து மசிக்க வேண்டும். சூடாக மூடினால் அதன் ஆவி மாவை நனைத்து இளக்கிவிடும். சிறு கட்டி இருந்தாலும் அது கல்லைப் போல மாவைத் துளைக்கும். அதற்காக மின் அரைப்பானில் போடக் கூடாது. மாப்பொருள் வெளியேறிக் கிழங்கு பசையாகிவிடும். புளிப்புக்குத் தேசிக்காய்ச் சாறு சேர்த்தால் ஈரம் கூடும். பஞ்சாபியர் மாங்காய்த் தூளைச் சேர்ப்பதால் ஈரமின்றியே புளிப்புக் கிடைக்கிறது.

நினைவில் கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான்: கிழங்கும் மாவும் ஒரே மென்மையில் இருக்க வேண்டும். கிழங்கு இறுகினால் மாவைக் கிழிக்கும். இளகினால் ஓரத்தால் பிதுங்கும்.

மூடுதலும் சுடுதலும்

மாவையும் கிழங்கையும் தனித்தனியே 6 உருண்டைகளாக்குங்கள். மா உருண்டையை உள்ளங்கையளவு வட்டமாக்கும்போது நடு தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்கட்டும். ஓரங்களெல்லாம் ஓரிடத்தில் கூடும்போது அங்கே தடிப்பு ஏறும் என்பதே காரணம். கிழங்கை வைத்து, ஓரத்தைக் கொசுவிச் சேர்த்து, காற்று நிற்காமல் மூடி, விரல்களால் தட்டுங்கள். சில நிமிடம் விட்டு, மா தூவி, பூரிக்கட்டையால் மெதுவாக, சுற்றிச் சுற்றித் தேயுங்கள்.

தோசைக்கல் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். சூடு குறைந்தால் ரொட்டி நெடுநேரம் கல்லில் கிடந்து காய்ந்து இறுகும். முதலில் நெய்யின்றி இரு பக்கமும் வாட்டி, பிறகு நெய் தடவிச் சிவக்க விடுங்கள். உள்ளிருக்கும் நீர் 100 பாகை செல்சியசில் ஆவியாகிப் பல மடங்கு விரிவதால் பராத்தா உப்புகிறது. மேற்பரப்பின் ஈரம் போன பின்னரே அதன் வெப்பநிலை மேலும் உயர்ந்து, புரதமும் வெல்லமும் தாக்கமுற்று, பொன்னிறமும் மணமும் தோன்றும். இதனை மெயிலார்ட் தாக்கம் என்பர்.

எங்கள் வீட்டில்

நீரிழிவு உள்ள எங்கள் உம்மம்மாவுக்கு வெள்ளை மாவைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்னார். ஆட்டா ரொட்டியோ ஆறினால் இறுகிவிடும். பற்கள் குறைந்த அவர் அதைத் தேநீரில் நனைத்தே விழுங்குவார். பல நாள் பாதியிலேயே வைத்துவிடுவார். உள்ளே கறி வைத்த ரொட்டி, அக்கறியின் ஈரத்தால் ஆறிய பிறகும் மெதுவாகவே இருக்கிறது.

ஆனால் உருளைக்கிழங்கும் மாப்பொருள்தானே! ஆகவே அவருக்கு மட்டும் முள்ளங்கி வைத்துச் செய்கிறேன். துருவிய முள்ளங்கியில் உப்பிட்டு 15 நிமிடம் வைத்தால் நீர் கசியும். உயிரியல் ஆய்வுகூடத்தில் கிழங்குத் துண்டை உப்புக் கரைசலில் இட்டு நாம் பார்க்கும் அதே பிரசாரணம்தான் இது. முள்ளங்கியைப் பிழிந்து உள்ளே வைக்கிறேன். பிழிந்த நீரில் மாவைப் பிசைகிறேன். மாவும் ஆட்டா, எண்ணிக்கையும் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை உம்மம்மா நனைக்காமல், எங்களோடு அமர்ந்து, முழுதாகச் சாப்பிடுகிறார். அல்ஹம்துலில்லாஹ்.

நிறைவாக

உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு அடுப்படி எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அடுப்படிக்குப் போகிறவளுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் இரண்டையும் தனித்தனி அறைகளாக நினைக்கிறார்கள். உம்மாவின் விரல் அறிந்த காரணத்துக்குப் பாடநூல் பெயர் சூட்டுகிறது. பாடநூலில் படித்த பிரசாரணமோ, என் உம்மம்மாவின் தட்டில் ஒரு வேளை உணவாகிறது. தோழியரே, உங்கள் வீட்டிலும் மாவை மூடி வைக்கும்போது, ஏன் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பிறகு பாடநூலையும் புரட்டிப் பாருங்கள்.