குட்டை ஓடுபாதையில் எழும்பும் விமானம்

மதியம் மூன்று மணி. பெங்களூர் முருகேஷ்பாளையத்தில் எங்கள் தமிழ் வகுப்பு தொடங்கியது. வீட்டு வேலை முடித்த பெண்கள் வந்து அமர்ந்தார்கள். கரும்பலகையில் நான் எழுதத் தொடங்கினேன். அப்போது தலைக்கு மேலே பெரிய சத்தம். ஒரு விமானம் தாழ்வாகப் பறந்து போனது.

"இது எங்கே போகுது, டீச்சரம்மா?" என்று பூக்கட்டும் பாட்டி கேட்டார்.

"எங்கேயும் போகல பாட்டி. சோதனைக்காகப் பறக்குது. திரும்பி இங்கேயே இறங்கிடும்" என்றேன்.

சித்தாள் வேலை செய்யும் அக்கா சிரித்தார். அவர் ஜவ்வாது மலைப் பக்கம். "எங்க ஊருக்கு நல்ல ரோடே கிடையாது. என் தங்கச்சிக்கு வலி எடுத்தப்போ டோலி கட்டித்தான் கீழே தூக்கி வந்தோம். நமக்கு எதுக்கு விமானம்?" என்றார்.

நல்ல கேள்வி. அன்றைய பாடமே அதுவாகிவிட்டது.

விமானம் ஏன் ஓடுகிறது?

பறவை சிறகை அடித்து எழும்புகிறது. விமானத்தின் இறக்கை அசைவதில்லை. பிறகு எப்படி எழும்புகிறது?

சிறு வயதில் ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் கையை நீட்டியிருப்போம். உள்ளங்கையைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்தால், காற்று கையை மேலே தூக்கும். பஸ் வேகமாகப் போனால் அதிகம் தூக்கும். (இப்போது அப்படிச் செய்யாதீர்கள். ஆபத்து.)

விமானமும் அப்படித்தான். வேகமாக ஓடினால் இறக்கையைக் காற்று தூக்கும். அந்த வேகம் வருவதற்கு நீண்ட பாதை வேண்டும். அதுதான் ஓடுபாதை. பெங்களூர் கெம்பேகவுடா விமான நிலையத்தின் ஓடுபாதை 4,000 மீட்டர் நீளம். அதாவது 4 கிலோமீட்டர்.

மலையிலும் தீவிலும் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? அதனால்தான் குறைந்த தூரம் ஓடி எழும்பும் சிறிய விமானங்களைச் செய்தார்கள். அதற்கு நான்கு காரியங்கள் வேண்டும்.

1. எடை குறைவாக இருக்க வேண்டும்.
2. எஞ்சினுக்கு நல்ல பலம் வேண்டும்.
3. எடைக்கு ஏற்ற பெரிய இறக்கை வேண்டும்.
4. இறக்கையின் பின் ஓரத்தில் மடல்கள் வேண்டும். அவற்றைக் கீழே சாய்த்தால், மெதுவாகப் போனாலும் காற்று தூக்கும்.

எதிர்க்காற்று வீசினால் இன்னும் நல்லது. பட்டம் விடும் பிள்ளைகளுக்கு இது தெரியும்.

இடமும் முக்கியம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரமான இடத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. கடும் வெயிலிலும் குறையும். அப்போது விமானம் கூடுதல் தூரம் ஓட வேண்டும்.

நம் ஊரில் பிறந்த விமானங்கள்

1940-இல் வால்சந்த் ஹீராசந்த் என்பவர் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கினார். அதைத்தான் நாம் இன்று எச்.ஏ.எல். என்கிறோம். இங்கே பல சிறிய விமானங்கள் பிறந்தன.

1951-இல் பயிற்சி விமானம் ஒன்று பறந்தது. அதன் பெயர் எச்.டி.-2. 1958-இல் 'புஷ்பக்' வந்தது. 1959-இல் 'கிருஷக்' வந்தது. கிருஷக் என்றால் உழவர். ஆனால் அது வயலுக்குப் போகவில்லை. ராணுவம் மேலிருந்து பார்த்துக் கண்காணிக்க அதைப் பயன்படுத்தியது. வயலுக்கென்றே 1972-இல் 'பசந்த்' பறந்தது. அது பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம்.

சரஸ்

எங்கள் வகுப்புக்குப் பக்கத்தில் கோடிஹள்ளி இருக்கிறது. அங்கே என்.ஏ.எல். என்ற அரசு ஆய்வுக்கூடம் உள்ளது. சிறிய ஊர்களுக்குப் போகும் விமானம் ஒன்றை அவர்கள் செய்ய முனைந்தார்கள். 14 பேர் அமரலாம். நோயாளியை ஏற்றிச் செல்லலாம். அதற்கு 'சரஸ்' என்று பெயர் வைத்தார்கள். சரஸ் என்பது ஒரு பெரிய கொக்கு. பறக்கும் பறவைகளில் மிக உயரமானது அதுதான்.

வேலை எளிதாக நடக்கவில்லை. முதலில் ரஷ்ய நிறுவனம் ஒன்று கூட்டுச் சேர்ந்தது. 1991-இல் சோவியத் நாடு உடைந்தது. கூட்டும் முறிந்தது. 1998-இல் இந்தியா அணுகுண்டு சோதனை நடத்தியது. அமெரிக்கா தடை போட்டது. வெளிநாட்டுப் பாகங்கள் வருவது தாமதமானது.

2004 மே 29 அன்று சரஸ் முதன்முதலாகப் பறந்தது. ஆனால் ஒரு குறை. திட்டமிட்டதைவிட அதன் எடை பல நூறு கிலோ கூடிப்போனது.

"தலைச் சுமை கூடினா மேட்டுல ஏற முடியுமா?" என்று அக்கா கேட்டார். அதேதான். எடை கூடினால் கூடுதல் தூரம் ஓட வேண்டும். ஆட்களையும் குறைவாகத்தான் ஏற்ற முடியும்.

மூன்று உயிர்கள்

2007-இல் இரண்டாவது சரஸ் பறந்தது. 2009 மார்ச் 6 அன்று அது சோதனைக்குக் கிளம்பியது. ஒரு எஞ்சினை வானத்தில் நிறுத்தி, மறுபடியும் இயக்கிப் பார்க்க வேண்டும். அதுதான் அன்றைய சோதனை. விமானம் பிடதி அருகே விழுந்து எரிந்தது. உள்ளே விமானப்படையைச் சேர்ந்த மூன்று பேர் இருந்தார்கள். விங் கமாண்டர் பிரவீன் கோடேகொப்பா, விங் கமாண்டர் தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா. மூவரும் இறந்துபோனார்கள்.

விசாரணை நடந்தது. எஞ்சினை மறுபடி இயக்குவதற்கு வகுத்துக் கொடுத்த முறையே சரியில்லை என்று தெரிந்தது. போதுமான உயரமும் இல்லை.

வகுப்பில் யாரும் பேசவில்லை. பிறகு பாட்டி கேட்டார்: "வழிமுறையை எழுதினது தப்பா?"

ஆமாம் பாட்டி. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பது தப்பாகிவிட்டது. மருந்துச் சீட்டானாலும் விமானமானாலும், எழுதுகிறவர் சரியாக எழுத வேண்டும். வேறொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும்.

அதன்பின் பல ஆண்டுகள் வேலை முடங்கியது. முதல் விமானத்தையே திருத்தி, 2018 ஜனவரி 24 அன்று பெங்களூரில் மறுபடி பறக்கவிட்டார்கள். பிறகு 19 பேர் அமரும் புதிய சரஸ் செய்யத் திட்டமிட்டார்கள்.

டோர்னியர்

சரஸ் பயணிகளை ஏற்றும் நிலைக்கு வரவில்லை. ஆனால் டோர்னியர் 228 என்ற இன்னொரு விமானம் வேலை செய்து வருகிறது. அது ஜெர்மனியில் உருவானது. எச்.ஏ.எல். அதன் உரிமத்தை 1983-இல் வாங்கியது. கான்பூரில் செய்கிறது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் அது எழும்பிவிடும். கடலோரக் காவல்படை அதில் பறந்து கடலைக் கண்காணிக்கிறது.

லட்சத்தீவில் அகத்தி என்ற சிறிய தீவு உண்டு. ஓடுபாதையைச் சுற்றிக் கடல். பாதையின் நீளம் ஏறக்குறைய 1,200 மீட்டர்தான். அங்கே 1988-இல் விமான நிலையம் திறந்தபோது டோர்னியருக்காகவே திறந்தார்கள்.

2022 ஏப்ரல் 12 அன்று அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு, எச்.ஏ.எல். செய்த டோர்னியர் பயணிகளை ஏற்றிச் சென்றது. அலையன்ஸ் ஏர் அதை ஓட்டியது. அதில் 17 இருக்கைகள்.

அக்காவின் கேள்விக்குப் பதில்

"அப்போ எங்க மலைக்கு அது வருமா?" என்றார் அக்கா.

வராது. சிறிய விமானத்துக்கும் சமமான பாதை வேண்டும். எரிபொருள் வேண்டும். விமானி வேண்டும். உங்கள் ஊருக்கு முதலில் வேண்டியது நல்ல ரோடு, ஆம்புலன்ஸ், நர்ஸ். அதைக் கேட்டு மனு எழுதலாம். தீவுக்கு ரோடு போட முடியாது. அங்கே விமானம் வேண்டும். எந்த இடத்துக்கு எது தேவை என்று பார்ப்பதே அறிவு.

அக்கா நோட்டைத் திறந்தார். "மனு எப்படி ஆரம்பிக்கணும்? சொல்லு, எழுதுறேன்" என்றார்.

சொல் அறிவோம்

ஓடுபாதை – விமானம் ஓடி எழும்பும் பாதை
எதிர்க்காற்று – போகும் திசைக்கு எதிரே வீசும் காற்று
உரிமம் – ஒரு பொருளைச் செய்யப் பெறும் அனுமதி

பதில் எழுதுங்கள்

1. விமானம் எழும்புவதற்கு முன் ஏன் ஓடுகிறது?
2. எடை கூடினால் என்ன ஆகும்?
3. பெங்களூர் ஓடுபாதை 4,000 மீட்டர். அகத்தி ஓடுபாதை 1,200 மீட்டர். வித்தியாசம் எவ்வளவு?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? ராத்திரியில் எப்படிப் போவீர்கள்? அதை மாற்ற யாருக்கு மனு எழுதலாம்? நான்கு வரி எழுதிப் படித்துக் காட்டுங்கள்.