மழைக்காலமும் மன ஓய்வும்

குளிர் நாடுகளில் பனி பெய்து மக்களை வீட்டுக்குள் அடைத்துவிடும். நம் பினாங்கில் பனி ஏது? ஆயினும் நமக்கும் ஒரு கடுங்காலம் உண்டு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொட்டும் மழைக்காலமே அது. ஐந்தடியில் சாரல் தெறிக்கும், வாடிக்கைக்காரர் வரமாட்டார், வாடகையும் சம்பளமும் மட்டும் தவறாமல் வந்து நிற்கும். கைக்கு வேலை குறையக் குறைய மனத்தில் கவலை பெருகும். இக்காலத்தைக் கழிப்பது எப்படி என்பதே இவ்விதழின் பாடம்.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு அடித்த புயல் மழையை யார் மறப்பார்? பினாங்கில் ஏழு உயிர்கள் போயின. எங்கள் கடையிலும் வெள்ளம் புகுந்து கீழ்த்தட்டுச் சரக்கு முழுவதும் நனைந்தது. வெள்ளம் வடிந்தது, கவலை வடியவில்லை. அதன்பின் மேகம் கறுத்தாலே உறக்கம் போய்விடும். தொழுகையில் நின்றால் எத்தனையாவது ரக்அத் என்பது மறந்து, எத்தனை மூட்டை என்பதே நினைவில் நிற்கும். கடைப் பையன்கள்மீது காரணமின்றி எரிந்து விழுந்தோம். ஒரு நாள் அஸருக்குப்பின் பள்ளியில் பெரியவர் ஒருவர், "தம்பி, ராத்திரி கடையைப் பூட்டுறீங்க, மனசை எப்போ பூட்டுவீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்களால் முடியவில்லை.

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களை நபி பெருமானார் (ஸல்) தடுத்து, உடலுக்கும் கண்ணுக்கும் குடும்பத்துக்கும் உள்ள ஹக்கை நினைவூட்டினார்கள். வணக்கத்துக்காகவே உடலை வதைக்கலாகாது என்றால், வியாபாரத்துக்காக வதைக்கலாமா?

நம் முன்னோருக்கு ஓய்வைக் காற்றே கொடுத்தது. 1801இல் கப்பித்தான் பள்ளிவாசல் எழுந்த காலத்தில் அவர்கள் பாய்மரக் கப்பலை நம்பியே வாழ்ந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாகூர், நாகப்பட்டினக் கரைகளில் புயல் பயம். காற்றைத் திட்டிப் பயனில்லை. பருவம் மாறும்வரை காத்திருந்தே ஆகவேண்டும். இன்று காற்று நம்மை நிறுத்துவதில்லை. நள்ளிரவிலும் கைப்பேசி விலைநிலவரம் சொல்கிறது. ஆகவே நம்மை நாமேதான் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அதற்கு நாங்கள் கண்ட வழிகள் நான்கு.

முதலாவது, செய்ய வேண்டியதை முன்கூட்டியே செய்துவிடுவது. சரக்கைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். காப்புறுதிப் பத்திரத்தைச் சரிபாருங்கள். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பது நாமறிந்த பாடம்.

இரண்டாவது, பாங்கு கேட்டதும் கல்லாவை மூடிக் கைப்பேசியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் பள்ளிக்குச் செல்வது. ஒளுச் செய்கையில் தண்ணீர் படும் உறுப்பின்மீதே கருத்து இருக்கட்டும். ஸலாம் கொடுத்தவுடன் எழுந்து ஓடாமல், முப்பத்து மூன்று தஸ்பீஹையும் பொருளுணர்ந்து நிதானமாக ஓதுங்கள். சிதறிய மனம் அங்கே ஒன்றுகூடும்.

மூன்றாவது, இஷாவுக்குப்பின் பேரேட்டைத் திறக்காமை. இஷாவுக்குப்பின் பேச்சை வளர்ப்பதை நபியவர்கள் விரும்பவில்லை. கூட்டமில்லாத மழைப்பகலில் சிறிது கண்ணயர்வதும் ஸுன்னத்தே. இவ்வளவுக்குப் பிறகும் பல வாரம் உறக்கம் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், அதில் வெட்கமில்லை.

நான்காவது, சிப்பந்திகளின் ஓய்வு. வியாபாரம் இல்லாத நாளில் அவர்களை வெறுமனே நிற்க வைப்பதால் என்ன லாபம்? உட்காரச் சொல்லுங்கள், ஊருக்குப் பேசிக்கொள்ள நேரம் கொடுங்கள். முதலாளியின் மனம் அடங்கியதற்குக் கடைப் பையனின் முகமே சாட்சி.

மழை இன்னும் பெய்கிறது. கவலையும் இடையிடையே வரத்தான் செய்கிறது. ஆனால் ரிஸ்கு அளப்பவன் அல்லாஹ் என்ற நினைவுடன் கண்மூட இப்போது முடிகிறது. நம் கடைகளில் பரக்கத்தையும் நம் உள்ளங்களில் அமைதியையும் அவன் அருள்வானாக. ஆமீன்.