சிலம்பப் பயிற்சியில் முழுப் பயன் பெறுவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., இயற்பியல்)

கையில் ஒரு கம்பும் காலடியில் சிறிது வெற்றிடமும் இருந்தால் போதும். வேறு எந்தச் செலவுமின்றிக் கற்கத் தக்க ஒரு போர்க்கலை நம்மிடம் உண்டு. அதுவே சிலம்பம். சிலம்புதல் என்றால் ஒலித்தல். சிலம்பு என்ற சொல்லுக்கு மலை என்றும் பொருள் உண்டு. காற்றைக் கிழித்துக் கம்பு எழுப்பும் ஒலியையும், மலை சூழ்ந்த நம் மாவட்டத்தையும் ஒருசேர நினைவூட்டும் பெயர் இது.

எல்லைப்புற ஊராகிய ஓசூரில் இக்கலைக்கு ஒரு பெயர் மட்டும் இல்லை. தமிழர் சிலம்பம் என்றும் கம்புச்சுற்று என்றும் சொல்வதைத் தெலுங்கு பேசுவோர் கர்ரசாமு என்பர். கன்னடம் பேசுவோர் தொண்ணெ வரசெ என்பர். நான் பயிலும் களத்தில் இம்மூன்று பெயர்களும் ஒரே மாலையில் காதில் விழும். மொழி மூன்றாயினும் கம்பு ஒன்றே. போர்ப்பயிற்சி இம்மண்ணுக்குப் புதியதும் அன்று. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்றால், வாளும் வில்லும் ஏந்தி நிற்கும் வீரர்களை நடுகற்களில் காணலாம். ஆநிரை மீட்கவும் ஊரைக் காக்கவும் உயிர் விட்டவர்களுக்கு நம் முன்னோர் எடுத்த கற்கள் அவை.

இக்கட்டுரையின் நோக்கம் சிலம்பத்தின் பழம்பெருமையைப் பாடுவது அன்று. பயிற்சிக்கு வருவோர் பலர். பயன் பெறுவோர் சிலர். இது ஏன் என்பதை ஆராய்வதே நோக்கம்.

எதற்காகக் கற்கிறோம்?

பட்டப்படிப்புக்கு எங்கள் வீட்டிலிருந்து வந்த முதல் ஆள் நான். ஆதலின், "கம்பு சுற்றினால் வேலை கிடைக்குமா?" என்ற கேள்வியை வீட்டில் கேட்காத வாரமே இல்லை. நம்முள் பலருக்கும் இதே நிலைதான் என்று அறிவேன். இக்கேள்வியை இகழ்வது தவறு. நேர்மையாக விடை கூறுவதே முறை.

தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கென உள்ள 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டுள்ளது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆகவே கதவு திறந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அக்கதவின் வழியே செல்வோர் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் வென்றவர்களே. மூன்று மாதம் கம்பு பிடித்ததற்காகக் கிடைக்கும் சான்றிதழுக்கு அது திறவாது. சான்றிதழ் ஒன்றையே கருதி வந்தவர்கள் இதை அறிந்தவுடன் நின்றுவிடுகிறார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் இன்று பாதிப் பேர்கூடக் களத்தில் இல்லை. நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். முறையாகப் பயின்றால் வேலை வருமுன்பே வந்து சேரும் பயன்களை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அப்பயன்களுக்கான வழிகளை இனிக் காண்போம்.

கம்பைத் தேர்தல்

முதற்படி தக்க கம்பு. தரையில் ஊன்றினால் நெற்றி வரை எட்டும் உயரமே பொதுவான அளவு. கல்மூங்கில் என்னும் கெட்டி மூங்கிலோ, பிரம்போ இதற்கு ஏற்றது. மூங்கிலாயின் நன்கு காய்ந்து, கணுக்கள் செதுக்கி வழவழப்பாக்கப்பட்டு, தீயில் வாட்டி நிமிர்த்தப்பட்டு இருக்க வேண்டும். அவ்வப்போது எண்ணெய் தடவி வந்தால் வெடிப்பு ஏற்படாது. பயிற்சிக்கு முன் ஒவ்வொரு நாளும் கம்பின் நீளம் முழுவதையும் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். சிலாம்பு இருந்தால் துணியில் மாட்டும். கையில் ஏறுவதைவிட அது மேல். பிறர் கம்பை இரவல் வாங்கிப் பழகுவது கூடாது. உயரம் மாறினால் கை பழகிய கணக்கும் மாறிவிடும்.

கால் முன்னே, கம்பு பின்னே

புதிதாக வருவோரின் ஆசையெல்லாம் கம்பை வேகமாகச் சுழற்றுவதிலேயே இருக்கும். ஆனால் நல்ல ஆசான்கள் முதலில் தருவது கம்பை அன்று, காலடியை. முன்வைத்தல், பின்வைத்தல், பக்கம் விலகல், திரும்பல் ஆகியவற்றை வெறுங்கையோடு வாரக்கணக்கில் செய்யச் சொல்வர். பலர் சலிப்படைந்து நின்றுபோவது இக்கட்டத்தில்தான். எங்கள் வாத்தியார், "கால் போற இடத்துக்குத்தான்டா கம்பு போகும், கம்பு போற இடத்துக்குக் கால் போனா விழுவே" என்பார்.

இதில் அறிவியல் உண்டு. நம் உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு இரு பாதங்களுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் விழும் வரையே நாம் நிலையாக நிற்க முடியும். கால்களைச் சற்று அகற்றி முழங்காலை மடக்கினால் பரப்பு விரிகிறது, மையம் தாழ்கிறது. வேகமாகச் சுழலும் கம்பு நம்மை ஒரு பக்கம் இழுக்கும்போது தாங்கி நிற்பது கை அன்று, இந்த அடித்தளமே.

கம்பின் கணக்கு

கம்பை எங்கே பிடிப்பது? பழைய ஆசான்கள் ஒரு முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடிக்கக் கற்பிப்பதைப் பல களங்களில் காணலாம். நம் வகுப்பில் படிக்கும் சுழற்சி இயக்கப் பாடத்தைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தேன்.

சீரான ஒரு கோலை நடுவில் பிடித்துச் சுழற்றும்போது அதன் நிலைமத் திருப்புத்திறனை 3 பங்கு எனக் கொண்டால், மூன்றில் ஒரு பங்கில் பிடிக்கும்போது அது 4 பங்கு. முனையில் பிடிக்கும்போது 12 பங்கு. அதாவது நடுவிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குக் கையை நகர்த்தினால் சுழற்றுவதில் உள்ள கடினம் மூன்றில் ஒரு மடங்கே கூடுகிறது. முனைக்கு நகர்த்தினாலோ நான்கு மடங்காகிறது.

வேகத்தைப் பார்ப்போம். 165 செ.மீ. நீளக் கம்பை நொடிக்கு இருமுறை சுழற்றுவதாகக் கொள்வோம். நடுவில் பிடித்தால் நுனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர். மூன்றில் ஒரு பங்கில் பிடித்தால் நீண்ட பக்கத்து நுனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். இது மணிக்கு 50 கிலோமீட்டர். பெங்களூர் சாலையில் ஓடும் பேருந்தின் வேகம் அது! பயிற்சியில் கவனம் ஏன் வேண்டும் என்பதற்கு இவ்வெண் ஒன்றே போதும்.

இன்னும் வியப்பானது ஒன்று. கிரிக்கெட் மட்டையின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் பந்து பட்டால் கை அதிராது என்பதை ஆடியவர் அறிவர். இயற்பியலில் இதனைத் தாக்கு மையம் என்பர். முனையில் பிடித்த கோலுக்கு இவ்விடம் பிடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் அமையும். மூன்றில் ஒரு பங்கில் பிடித்த கோலுக்குக் கணக்கிட்டால், அது சரியாக எதிர் நுனியிலேயே வந்து நிற்கிறது! அதாவது அப்பிடியில் நுனியால் அடிக்கும் அடி, பிடித்த கையைத் திருப்பித் தாக்குவதில்லை. மூங்கில் அடி பருத்து நுனி சிறுத்திருப்பதாலும், இரு கைகளால் பிடிப்பதாலும் உண்மைக் கம்பில் இது சற்று மாறும். கோணிப்பையில் மண் நிரப்பி, பிடியைத் தளர்த்திக்கொண்டு, கம்பின் வெவ்வேறு இடங்கள் படுமாறு மெல்லத் தட்டிப் பாருங்கள். கை அதிராத இடம் தானே தெரியும். ஏட்டுக் கணக்கை எழுதாத ஆசான்கள் கையின் உணர்வாலேயே இதைக் கண்டிருக்கிறார்கள் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியாகும்.

நாள்தோறும் சிறிது

வாரம் முழுவதும் கம்பைத் தொடாமல் இருந்து ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் பயில்வோர் உண்டு. இது பயன் தருமா?

பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை பழக்கியபோது செய்த ஆய்வை 1978-ஆம் ஆண்டு ஆலன் பேட்லி, லாங்மன் என்ற இருவர் வெளியிட்டனர். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயின்றவர்கள் பலகையைக் கற்க எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 35 மணி. நாளுக்கு இருவேளை, வேளைக்கு இரண்டு மணி எனப் பயின்றவர்களுக்கு ஏறத்தாழ 50 மணி ஆயிற்று. இதில் வேடிக்கை யாதெனில், குறைந்த மணிகளில் கற்ற ஒரு மணி நேரக்காரர்களே தம் பயிற்சி முறையில் மனநிறைவு குறைந்தவர்களாக இருந்தனர். நாட்கணக்கில் பார்த்தால் அவர்களுக்கு அதிக நாட்கள் ஆனதே காரணம். ஆகவே 'முன்னேற்றமே இல்லை' என்று நமக்குத் தோன்றும் காலம், உண்மையில் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கும் காலமாக இருக்கலாம்.

கை கால் அசைவுகளைக் கற்பதில் உறக்கத்துக்கும் பங்குண்டு என்பது இன்றைய அறிவியலின் முடிவு. அன்று பழகியதை மூளை உறக்கத்தில் உறுதி செய்துகொள்கிறது. நாள்தோறும் முப்பது நிமிடம், அதன்பின் நல்ல உறக்கம்; இது ஞாயிற்றுக்கிழமை நான்கு மணியைவிட மேல். மணிக்கணக்கில் இடைவிடாது கம்பு சுற்றிச் 'சாதனை' புரியும் நிகழ்ச்சிகள் பொறுமையைக் காட்டலாம், கலையைக் கற்பிப்பதில்லை.

அந்த முப்பது நிமிடத்தையும் வகுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாத விடியலில் தசைகள் விறைத்திருக்கும். எனவே முதல் எட்டு நிமிடம் மெல்லோட்டமும் மணிக்கட்டு, தோள், முழங்கால் அசைவுகளும். அடுத்த ஏழு நிமிடம் காலடி. பின் பத்து நிமிடம் வீச்சு. கடைசி ஐந்து நிமிடம் அன்று தவறியதை மட்டும் மிக மெதுவாகச் செய்தல். மெதுவாகச் செய்ய இயலாத வீச்சு, வேகத்தில் தவற்றை மறைத்துக்கொண்டிருக்கிறது என்றே பொருள். வலக்கைக்கு ஒரு பங்கு என்றால் இடக்கைக்கு இரண்டு பங்கு நேரம் தருவதும் நன்று.

தனிச்சுற்றும் எதிர்நிற்றலும்

சிலம்பத்தில் அலங்காரச் சுற்று ஒன்று. எதிராளியோடு மோதும் தொடுமுறை மற்றொன்று. மேடைக்கு முன்னதே அழகு. ஆதலின் பலர் அதனோடு நின்றுவிடுகின்றனர்.

ஜப்பானில் ஜிகோரோ கானோ என்பவர் 1882-இல் ஜூடோக் கலைக்குப் பள்ளி நிறுவினார். அப்போது அவருக்கு வயது 21, நம் வயதுதான்! ஒரு கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த அறையே அவர் களம். கல்வியாளராகிய அவர், வரையறுத்த அசைவுகளைப் பழகும் 'கதா'வும், எதிராளியோடு தடையின்றிப் பயிலும் 'ரந்தோரி'யும் இரண்டும் வேண்டும் என்றார். முன்னது இலக்கணம், பின்னது உரையாடல் எனலாம். இலக்கணம் மட்டும் கற்றவன் சந்தையில் பேச முடியாது. இலக்கணமே அறியாதவன் பேச்சு தெளிவாயிராது.

எதிரே ஆள் நின்றால்தான் தூரத்தை அளக்கும் கண்ணும், அஞ்சாமல் மூச்சு விடும் பழக்கமும் வரும். எதிராளியின் கம்பு நுனியைக் கண்ணால் தொடர்வது வீண். அவர் தோளையும் காலையும் பார்த்தாலே கம்பு வரும் திசை தெரியும். தன்னைவிட வல்லவரோடும், சமமானவரோடும், இளையவரோடும் மாறி மாறிப் பயில வேண்டும். இளையவருக்குக் கற்பிக்கும்போது நம் குறையும் நமக்கு விளங்கும்.

உடலைக் காத்தல்

எதிர்நின்று பயிலும்போது தலைக்கவசமும் கண் காப்பும் இன்றிக் கம்பெடுத்தல் கூடாது. மணி ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் மூங்கில், நட்பைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டிலோ தோளிலோ கூரிய வலி தோன்றினால் அன்றே நிறுத்த வேண்டும். வலியைத் தாங்குவது வீரம் அன்று.

நம்முள் சிலர் வகுப்பு முடிந்ததும் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர்கள் விடியலில் கம்போடு களத்துக்கு வருவது ஆர்வத்தைக் காட்டுகிறது. ஆனால் உறங்காத கண்ணுக்குத் தூரம் தெரியாது. அத்தகைய நாளில் காலடி மட்டும் பழகிவிட்டுச் செல்வதே அறிவுடைமை. பயிற்சி நேரத்தை அமைப்போர், ஷிப்ட் நேரத்தையும் கணக்கில் கொண்டு மாலையில் ஒரு பிரிவு வைத்தால் பலர் நின்றுபோவதைத் தடுக்கலாம். மாணவியர் பேருந்தைத் தவறவிடாமல் வீடு சேரும் வண்ணம் அப்பிரிவு அமைதல் நலம். நம் உடற்கல்வித் துறையினர் இதனை எண்ணிப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

முடிவுரை

களத்தில் கம்பெடுக்குமுன் மண்ணையும் ஆசானையும் எதிராளியையும் வணங்குகிறோம். மூன்றாவது வணக்கமே இக்கலையின் உயிர். எதிரில் நிற்பவர் இல்லையேல் நமக்குப் பயிற்சி இல்லை. இதை உணர்ந்தவர் தெருச்சண்டைக்குக் கம்பெடுக்கமாட்டார்; விலகிச் செல்லும் காலடியையும் அவர் கற்றிருக்கிறார்.

வேலை கிடைக்குமா என்ற வீட்டார் கேள்விக்கு நான் கூறும் விடை இதுதான்: உறுதியாகச் சொல்ல இயலாது, ஆனால் நாள்தோறும் ஒரே நேரத்தில் எழவும், தவறியதை மெதுவாகத் திருத்தவும், வலியவர் முன் நடுங்காது நிற்கவும் பழகுகிறேன். தேர்வுக் கூடத்துக்கும் நேர்முகத் தேர்வுக்கும் இவற்றையே உடன் கொண்டு செல்வேன். நண்பர்களே, களத்துக்கு வாருங்கள். சிலம்பமோ, கர்ரசாமுவோ, தொண்ணெ வரசெயோ, எப்பெயரிட்டு அழைத்தாலும் கம்பு காத்திருக்கிறது. முதல் மூன்று மாதம் காலடி மட்டும்தான் கிடைக்கும். அதற்குப் பின்னும் வாருங்கள்.