கேம்பர் வேனில் கூலன்ட் ஊற்றலாமா?

கேள்வி: டெம்போ டிராவலரை கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறோம். 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பம்ப், கீசர், சிங்க், ஷவர் எல்லாம் உண்டு. அக்டோபர் கடைசியில் மணாலி வழியாக லே போகிறோம். திரும்பியதும் வண்டி திருப்பதியில் மாதக்கணக்கில் நிற்கும். குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க ரேடியேட்டர் கூலன்டைத் தொட்டியில் ஊற்றச் சொல்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

– வாசகர், சித்தூர்

பதில்: ஊற்றவே ஊற்றாதீர்கள். ரேடியேட்டர் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால். நாக்குக்கு இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்தில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைகாலும் இதே வகையறாதான். வெளிநாட்டு கேம்பர்களில் ஊற்றுவது புரொப்பிலீன் கிளைகால். அங்கே அது ரோஸ் நிறத்தில் வரும். இங்கே கார் கூலன்டே ரோஸ் நிறத்திலும் விற்கிறது; நிறத்தை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

திருப்பதியில் தண்ணீர் உறையாது. மதனப்பள்ளி பக்கம் ஹார்ஸ்லி மலையில்கூட ஸ்வெட்டர் போடுகிற குளிர்தான். லே அப்படியல்ல, சுமார் 3,500 மீட்டர் உயரம். வழியில் சர்ச்சு அதைவிட மேலே. நீங்கள் போகும் நாட்களில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். அதைத் தாங்காமல் பம்பும் ஃபில்டர் கிண்ணமும் விரிசல் விடும்.

அதனால் மணாலியைத் தாண்டுமுன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். கீசரை அணைத்து, ஆறியபின் அதன் வடிகால் திருகைக் கழற்றுங்கள். தொட்டியைக் காலி செய்து, சூடு, பச்சைத் தண்ணீர்க் குழாய்கள் இரண்டையும், ஷவரையும் திறந்து பம்பைச் சில வினாடி ஓட்டுங்கள். ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்துவிடுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் 30 பி.எஸ்.ஐ.க்கு மிகாமல் காற்று அடித்தால் மிச்சமும் வெளியேறும். சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாயில் மட்டும் தண்ணீர் தங்கும். அதற்குத்தான் உணவுத்தர புரொப்பிலீன் கிளைகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு டம்ளர் ஊற்ற வேண்டும். மைனஸ் 30 டிகிரி வரை உறையாது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீரை இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பதியில் நிறுத்தும்போது கிளைகால் தேவையில்லை. நம் வெயிலில் தேங்கிய தண்ணீர்தான் வழுவழுப்பாகி நாறும். இதேபோல் முழுக்க வடித்து, குழாய்களைத் திறந்தே வையுங்கள். மறுபடி கிளம்புமுன் தொட்டியை நிரப்பி, வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் திரவம் 80 மில்லி கலந்து, எல்லாக் குழாயிலும் அந்த வாடை வரும்வரை ஓடவிட்டு 4 மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.