அடுத்த கால் எப்போது?

அன்புள்ள தம்பிக்கு,

உமது கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்குப் பாதிக் காரணம் சோம்பல். மீதிக் காரணம் நீர் கேட்ட கேள்வி. பெற்றோர் நெடுந்தீவார், நீர் ரொறன்ரோவில் பிறந்து இயன்மருத்துவம் படிக்கிறீர். போர்க்காலத்தில் காயப்பட்ட போராளிகளைத் தீவுப்பகுதியில் எப்படிப் பராமரித்தார்கள், அவர்களுடைய புனர்வாழ்வு எப்படி நடந்தது என்று கேட்டிருந்தீர். முன்பாதிக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம். பின்பாதியில் நீர் எழுதிய ஒரு சொல்லில்தான் தடக்குப்பட்டு நின்றுவிட்டேன்.

ஒருவர் 'புனர்வாழ்வு பெற்றவர்' என்று இங்கே சொல்லிப்பாரும். "எந்தக் காம்ப், எவ்வளவு காலம்?" என்றுதான் கேட்பார்கள். 2009 மே மாதத்தில் சரணடைந்தும் பிடிபட்டும் போன ஏறத்தாழ 12,000 பேரை முகாம்களில் வைத்திருந்து விட்டதற்கு அரசாங்கம் சூட்டிய பெயர் அது. வவுனியாவிலோ வெலிக்கந்தையிலோ இருந்துவிட்டு வந்தவர் என்று பொருள். கால் பொருத்தி நடக்கப் பழகியவர் என்று யாரும் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். உம்முடைய பாடப்புத்தகம் சொல்கிற அலுவலுக்கு ஊரில் பெயரே இல்லை. "கால் போட்டாச்சோ?" என்று கேட்போம், அவ்வளவுதான்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒருவரை வைத்துச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். 1990 ஆகஸ்ட்டில் யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையில் இருந்தபோது இராணுவம் தீவகத்தில் இறங்கியது உமக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சண்டையில் மண்டைதீவில் அவர் மிதிவெடியில் கால் வைத்தார். வயது பத்தொன்பது. கூட நின்றவன் சாரத்தைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினான். இரவோடு இரவாகப் பண்ணைக் கடலில் வள்ளம் விட்டு அக்கரை சேர்த்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது.

'கீழே' என்பதை நீர் கவனித்திருப்பீர். சொந்த முழங்கால் மிஞ்சினால் மனிதன் ஏறக்குறைய பழையபடி நடப்பான். அதுவும் போய்விட்டால் ஒவ்வோர் அடிக்கும் இடுப்பைத் தூக்கிப் போடவேண்டும், கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கும். இறுகக் கட்டிய கட்டு இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டினால் கட்டுக்குக் கீழே உள்ள சதை சாகத் தொடங்குகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மண்டைதீவிலிருந்து பட்டினம் கூப்பிடு தூரம். அதனால் அவருக்கு முழங்கால் தப்பியது. இதே வெடி நெடுந்தீவில் வெடித்திருந்தால் முதலில் குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலக் கடல். அதுவும் காற்றில்லாத நாளில்தான். சோழகம் எழும்பினால் படகுக்காரனே கைவிரிப்பான். அதன்பிறகு புங்குடுதீவு, வேலணை, அல்லைப்பிட்டி என்று தாம்போதி தாம்போதியாகத் தெரு. எங்கள் பக்கத்தில் கால் எந்த இடத்தில் வெட்டுப்படும் என்பதைச் சத்திரவைத்தியர் பார்ப்பதற்கு முன்பே கடல் பார்த்துவிடும்.

அந்தத் தெருவும் பிறகு இல்லாமல் போனது. 1990களின் முற்பகுதியிலிருந்து 1995 வரை தீவகம் இராணுவத்திடம், குடாநாடு புலிகள் இயக்கத்திடம். ஊர்காவற்றுறையில் காயப்பட்ட ஒருவருக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வெளிநாடு போல. கண்ணுக்குத் தெரியும், போக முடியாது.

ஆஸ்பத்திரியின் கதையும் சொல்லவேண்டும். 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளியன்று, இந்தியப் படையினர் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்து நோயாளரையும் வைத்தியர்களையும் தாதியரையும் சுட்டுக்கொன்றார்கள். அதற்குப் பிறகு காயக்காரருக்குக் கட்டில் என்றாலே பயம். 1990 இறுதியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு இரு தரப்பிடமும் பேசி, ஆஸ்பத்திரியையும் அதைச் சுற்றிய பகுதியையும் பாதுகாப்பு வலயமாக்கியது. வாசலுக்குள் ஆயுதம் வரக்கூடாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு குடாநாடு முழுவதும் இடம்பெயர்ந்தபோது அந்த வலயமும் தெருவுக்கு வந்துவிட்டது. நாவற்குழிப் பாலத்தில் காயக்காரரைச் சைக்கிள் கரியரிலும் லான்ட்மாஸ்டர் பெட்டியிலும் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்தபடி ஒரு சிறுமி மழைக்குள் நடந்து வந்தாள். கை மாற்றும்போதெல்லாம் போத்தலுக்குள் காற்றுக்குமிழி ஏறுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். யாரோ அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் தம்பி, காயப்பட்ட இரவைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நம்முடைய இலக்கியமே அங்கேதான் நின்றுவிடும். புறநானூற்று 281ஆம் பாட்டில், அரிசில் கிழார், புண்பட்ட வீரன் கிடக்கிற வீட்டில் பெண்கள் செய்வதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். இறப்பில் வேப்பிலை செருகுவது, யாழ் வாசிப்பது, வெண்கடுகு தூவுவது, மணி அடிப்பது, வாசனைப் புகை போடுவது. பேய் அண்டாமலிருக்க. எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாட்டைப் படிப்பித்த காலத்தில் நான் மாணவரை ஒரு கேள்வி கேட்பதுண்டு. அவன் பிழைத்தான் என்று வைப்போம், அடுத்த மாரிக்கு வயலுக்குப் போனானா? பிள்ளைகள் சிரிப்பார்கள். பாட்டில் இல்லாததைக் கேட்கிற வாத்தியார் என்று.

எங்கள் அயலவர் பிழைத்தார். அவர் பிழைத்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அந்த வருடங்களின் கணக்கை அவர் வைத்திருக்கிற விதம் இது: "உது என்ர பதினோராவது கால், மாஸ்ரர்."

பொய்க்கால் தேயும். மூன்று வருடம், பார்த்துப் பாவித்தால் கொஞ்சம் கூட. றப்பர் பாதம் வெடிக்கும், வார் அறும், எங்கள் உப்புக்காற்றில் ஆணி துருப்பிடிக்கும். மிச்சக் கால் மெலியும், பிறகு வேறொரு பக்கம் தடிக்கும். நேற்றுப் பொருந்தியது இன்றைக்குப் புண்ணாக்கும். பத்தொன்பது வயதில் காலை இழந்தவனுக்கு வாழ்நாளில் பதினைந்து கால் வேண்டும். சின்னப்பிள்ளை என்றால் வளர வளர மாற்றவேண்டும். யுத்தம் முடிந்த திகதி எல்லோருக்கும் தெரியும். இந்தக் கணக்கு எப்போது முடியும் என்று பாரும்.

ஜெய்ப்பூர் கால் பற்றி நீர் படித்திருக்கலாம். 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து செய்தது. மேற்கத்தைய பாதம் சப்பாத்துக்குள் இருக்கச் செய்தது. சம்மணமிட்டு இருக்க, குந்த, வயற்சேற்றில் இறங்க, வெறுங்காலோடு கோயிலுக்குப் போக அது விடாது. சர்மா படித்தவரல்ல, ஆனால் நம்மைப் போன்றவர்கள் கால்களை எதற்கெல்லாம் பாவிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலைச் செய்யும் நிலையம் 1987இல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. வன்னியில் இருந்த காலத்தில் எங்கள் ஆளுக்கு வெண்புறா நிறுவனம் கால் போட்டது. 2009இல் அவர் சரணடைந்தது ஏழாவதாக வந்திருக்கவேண்டிய காலுக்குக் காத்திருந்த நேரத்தில். பழைய காலின் வார் அறுந்துபோக, முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் வயர்த்துண்டால் கட்டிக்கொண்டு திரிந்தார். அங்கே தச்சுவேலைப் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்தார்கள். கால் கொடுக்கவில்லை.

போன முறை அவர் யாழ்ப்பாண நிலையத்துக்குக் கால் மாற்றப் போனபோது துணையாக நானும் போனேன். மாவிலித்துறையில் விடியப்புறம் படகு. படகில் ஏறும்போது காலைக் கழற்றி ஒரு பலசரக்குப் பைக்குள் போட்டுக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். கால் பொருத்தினவனுக்குப் படகுக்கும் துறைக்கும் இடையிலான அந்த ஒரு முழ இடைவெளி பொல்லாதது; ஒற்றைக் காலில் பாய்வது அதைவிடச் சுகம் என்பார். நிலையத்தில் முதலில் மிச்சக் காலுக்கு ஈரச் சாந்துத்துணி சுற்றி அச்செடுத்தார்கள். அச்சுக்குள் சாந்தை வார்த்து அவருடைய காலைப் போலவே ஒரு வெள்ளைக் கால். எலும்பு துருத்துகிற இடங்களில் இன்னும் கொஞ்சம் சாந்து பூசி உயர்த்தினார்கள், நோகிற இடத்தில் இடைவெளி விழுவதற்காக. பிறகு பிளாஸ்ரிக் குழாய்த் துண்டை அடுப்பில் இளக்கி, கைமேசு போட்ட இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்த அச்சின் மேல் இழுத்து மாட்டினார்கள். தண்ணீர்க் குழாய் செய்கிற அதே சாமான். ஆறினதும் அடியில் றப்பர் பாதம். அவர் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நின்று நடந்து பார்த்தார். வேலைக்காரப் பெடியன், அவனுக்கும் ஒரு கால் பொய்க்கால்தான், நிலத்தில் படுத்திருந்து குதியைப் பார்த்தான். கழற்றினான், அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தான், மாட்டினான். ஆறு தரம். எந்த இயக்கம், எந்த முகாம், வெடி யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், "முற்றம் மணலோ, கல்லோ?"

நெடுந்தீவு முற்றம் கல். பவளக்கல் வேலிகளைப் பற்றி உமது அப்பா சொல்லியிருப்பார்.

மற்றப் பக்கத்தையும் எழுதாமல் விட்டால் நீர் என்னை நம்பமாட்டீர். இங்கே காயப்பட்ட சிங்களப் பெடியன்களும் ஏராளம். வேலணைத் தீவின் அராலித்துறையில் 1992 ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்ணிவெடியில் ஜெனரல் கொப்பேகடுவ செத்தது உலகச் செய்தி. அதே மண்ணில் கால் போன சிப்பாய்களைப் பற்றி அவரவர் ஊரில் மட்டும்தான் தெரியும். அவர்களை ஹெலி ஏற்றியது, றாகமையில் இராணுவத்தின் மறுவாழ்வு நிலையம் இருந்தது, கொடுப்பனவு இருந்தது.

2012 ஆனியில் நயினாதீவுத் திருவிழாவுக்கு அயலவரோடு போயிருந்தேன். தெற்கிலிருந்து நாகவிகாரைக்கு வந்த கூட்டமும் அதே துறையில் இறங்கியது. அதில் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், காற்சட்டையின் மடிப்பில் எங்கள் ஆளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. கிட்டப் போய் முகாமில் பழகிய அரைகுறைச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அந்த மனிதர் காற்சட்டையை உயர்த்திக் காட்டினார். பளபளவென்ற உலோகத் தண்டு, கீழே சப்பாத்து. வெளிநாட்டுச் சாமான். எங்கள் ஆள் சாரத்தைத் தூக்கித் தன் குழாய்க்காலைக் காட்டினார். இருவரும் வார்களைத் தொட்டுப் பார்த்தார்கள், விரல்களால் வருடக்கணக்குச் சொன்னார்கள். மண்டைதீவு என்ற பெயர் இரண்டு பக்கமும் வந்தது. அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு அவருடைய பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு விகாரைக்குள் போனார்கள். அவருடைய பாதம் சப்பாத்தை விட்டு நிற்காது போலும், வெளிமதிலில் குந்தியிருந்தார். எங்கள் ஆள் நாகபூசணி அம்மன் வாசலில் றப்பர் விரல்களைக் கழுவிக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே நடந்தார். அந்தப் புளுகம் ஒரு கிழமைக்கு அடங்கவில்லை. தனக்கு வராத காசு அந்த மனிதருக்கு மாதாமாதம் வருகிறது என்பது நினைவுக்கு வந்த பிறகுதான் அடங்கியது.

படிப்பு முடித்து ஒருமுறை இங்கே வரவேண்டும் என்று எழுதியிருக்கிறீர். வாரும். விழாவும் மேடையும் வைத்துக் கால் கொடுக்க ஆட்கள் வருவதுண்டு. படமெடுத்த கால் மூன்று வருடத்தில் வெடிக்கும்போது அவர்களைக் காணக்கிடைக்காது. நீர் வருவதானால் மிச்சக் காலுக்கு இழுக்கிற பருத்தி உறைகள் கொஞ்சம் கொண்டு வாரும். இங்கே எங்கள் ஆள் பழைய பெனியனை வெட்டித் தைத்து மாட்டுகிறார், தையல் விழுந்த இடத்தில் தோல் உரிகிறது. இல்லாத பெருவிரல் இரவில் கடிக்கிறது என்றும் சொல்கிறார். முப்பது வருடமாகக் கடிக்கிறதாம். அதற்கு உங்கள் புத்தகத்தில் ஏதாவது இருந்தால் எளிய தமிழில் எழுதி அனுப்பும், வாசித்துக் காட்டுகிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் திண்ணையில் இருந்து பழுது பார்க்கிற மாதிரிக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பிள்ளையிட்ட ஒண்டு கேட்டு எழுதுங்கோ. கனடாவில ஒரு கால் எத்தினை வருசம் போகும்?"

மறக்காமல் பதில் போடும்.

அன்புடன்,
நெடுந்தீவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார்