எட்டும் தொலைவும் தப்பும் விமானமும்

கேள்வி: டிசிஎஸ் வேர்ல்டு விளையாட்டில் நெடுந்தொலைவு ஏவுகணையை ஏவினால், எதிரி விமானம் திரும்பி ஓடித் தப்பிவிடுகிறதே! நிஜப் போரிலும் அப்படித்தானா?

பதில்: பெரும்பாலும் ஆம். ஏவுகணையின் மோட்டார் எரிவது சில விநாடிகள்தான். மீதித் தொலைவை அது சேர்த்துவைத்த வேகத்திலேயே கடக்கிறது. நேரெதிரே வரும் இலக்கை எட்டும் தொலைவு, அந்த இலக்கு வாலைக் காட்டி ஓடினால் வெகுவாகக் குறைந்துவிடும். தாழப் பறந்தால் அடர்ந்த காற்று வேகத்தை இன்னும் தின்றுவிடும். அமெரிக்கக் கடற்படையின் ஃபீனிக்ஸ் ஏவுகணை 150 கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடியதாக இருந்தது. ஆனால் 1999-இல் ஈராக் விமானங்கள் மீது ஏவிய மூன்றும் தவறின. ஏவியபின் பக்கவாட்டில் விலகுவது, ரேடார் கற்றைக்குக் குறுக்கே பறந்து டாப்ளர் ரேடாரிடமிருந்து நழுவுவது ஆகியவை விமானிகள் உண்மையிலேயே பழகும் உத்திகள். விளையாட்டு இவற்றை நேர்மையாகவே காட்டுகிறது.

அது நிஜத்திலிருந்து விலகுவது வேறிடத்தில். நிஜப் போரில், ரேடார் திரையில் தெரியும் புள்ளி எதிரியா, பயணிகள் விமானமா என்று உறுதிசெய்தாக வேண்டும். வியட்நாம் போரில் கண்ணால் பார்த்த பிறகே சுடலாம் என்ற விதியால், ஸ்பாரோ ஏவுகணையின் நெடுந்தொலைவு பலமுறை பயன்படாமலே போனது. மின்னணுக் குறுக்கீட்டு விவரங்கள் ராணுவ ரகசியம் என்பதால், விளையாட்டு அவற்றை ஊகித்தே அமைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மறுபடி தொடங்கலாம் என்ற தைரியத்தில் ஆட்டக்காரர் எடுக்கும் அபாயத்தை, உயிருள்ள விமானி எடுக்கமாட்டார்.