எண்ணெயைக் கழுவும் பாக்டீரியா

பெங்களூரில் பீன்யா ஒரு பெரிய தொழிற்பேட்டை. அங்கே லேத்துப் பட்டறைகள் நிறைய. வேலை முடிந்ததும் தொழிலாளிகள் கை கழுவுகிறார்கள். வெறும் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகாது. சோப்பு போட்டால் போய்விடும். ஏன்?

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும். மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெய் சிறு துளிகளாக உடைந்து தண்ணீரோடு போய்விடும்.

மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களும் சோப்பு போன்ற பொருளைச் செய்கின்றன. பேசில்லஸ் சப்டிலிஸ் அவற்றில் ஒன்று. அது செய்யும் பொருளின் பெயர் சர்ஃபாக்டின். ஜப்பான் விஞ்ஞானிகள் 1968-இல் இதைக் கண்டறிந்தார்கள்.

பாறைக்குள் எண்ணெய்

பூமிக்கடியில் எண்ணெய் குளம்போல் தேங்கி நிற்பதில்லை. செங்கல்லில் தண்ணீர் ஊறியிருப்பதுபோல், பாறையின் நுண்துளைகளில் இருக்கிறது. கிணறு தோண்டியதும் அழுத்தத்தால் தானே மேலே வரும். அழுத்தம் குறைந்ததும் வேறு கிணறு வழியாகத் தண்ணீரைச் செலுத்தித் தள்ளுவார்கள். அப்படியும் பெரும்பாலும் பாதிக்கு மேல் பாறையிலேயே தங்கிவிடும்.

இதை எடுக்கப் பாக்டீரியா உதவுகிறது. பாக்டீரியாவையும் அதற்கு உணவாகச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு போன்றவற்றையும் கிணற்றில் செலுத்துவார்கள். பிறகு சில நாட்கள் கிணற்றை மூடி வைப்பார்கள். உள்ளே பாக்டீரியா பெருகும். சோப்பு போன்ற பொருளும் வாயுவும் உண்டாகும். முன்னது எண்ணெயைப் பாறையிலிருந்து பிரிக்கும். வாயு அதைத் தள்ளும்.

ஆழத்தில் கடுமையான சூடு. காற்றும் இல்லை. அங்கே பிழைக்கும் பாக்டீரியாவையே தேர்ந்தெடுக்க வேண்டும். நம் நாட்டில் ஓஎன்ஜிசியும் டெரி ஆராய்ச்சி நிறுவனமும் இந்த வேலையைச் செய்தன. குஜராத்தின் பழைய கிணறுகளில் சோதித்தார்கள். 2007-இல் கூட்டு நிறுவனமும் தொடங்கினார்கள். எல்லாக் கிணற்றிலும் பலன் ஒரேமாதிரி இருக்காது. ஆனால் நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 80 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆகவே, பழைய கிணற்றில் கிடைக்கும் ஒவ்வொரு பீப்பாயும் லாபமே.

ஓர் எச்சரிக்கை

'பாக்டீரியா தின்றுவிடும்' என்று பட்டறைக் கழிவு எண்ணெயை மண்ணில் ஊற்றலாமா? கூடாது. மண்ணில் உள்ள பாக்டீரியா எண்ணெயைச் சிதைக்கப் பல மாதங்கள் ஆகும். எண்ணெயில் கலந்த உலோகத்தை அதனால் அழிக்கவே முடியாது. அதற்குள் கிணற்று நீரும் போர் தண்ணீரும் கெடலாம். கழிவு எண்ணெயை டிரம்மில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குக் கொடுக்க வேண்டும். சட்டமும் இதையே சொல்கிறது.

சிந்தியுங்கள்

1. சோப்பு எண்ணெயை எப்படி நீக்குகிறது?
2. கிணற்றுக்குள் கழிவுப்பாகு எதற்கு?
3. உங்கள் ஊர்ப் பட்டறைகளில் கழிவு எண்ணெய் எங்கே போகிறது? விசாரித்து எழுதுங்கள்.